காட்டினது நின்னுச்சு, சொன்னது ஓடிப்போச்சு: பைரேட்ஸ் மூணாம் பாகம் பத்தி ஒரு பேச்சு

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு நான் பேச எடுத்துக்கிட்டது 2007ல வந்த 'அட் வேர்ல்ட்ஸ் எண்ட்', அதாவது பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன் வரிசையில மூணாவது படம். பாத்தவங்கள்ல பாதிப் பேருக்கு மேல கதை புரியலன்னுதான் சொல்லுவாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச படம் அது, பிடிச்சதாலதான் எங்க சிக்கல் விழுந்துச்சுன்னு நிதானமா பாக்கணும்னு தோணுது. கதை பெருசுங்கிறது ஒரு குறையே கிடையாது. கண்ணுக்குக் காட்டவேண்டிய விஷயத்தையெல்லாம் வாயால சொல்லிட்டுப் போயிட்டாங்கங்கிறதுதான் என் கட்சி.

முதல் படத்தை ஞாபகப்படுத்திக்கங்க, 2003. டிஸ்னிலேண்டுல 1967ல இருந்து ஓடுற ஒரு படகு சவாரிய வச்சு எடுத்த படம். அந்த நேரத்துல கடல்கொள்ளைப் படம்னாலே ஹாலிவுட்ல பயம், 1995ல ஒரு படம் பயங்கரமா நஷ்டப்பட்டதுல இருந்து யாரும் அந்தப் பக்கமே போகல. கோர் வெர்பின்ஸ்கி டைரக்‌ஷன், டெட் எலியட், டெர்ரி ரோஸ்ஸியோ ரெண்டு பேரும் ஸ்கிரிப்ட். அதுலயும் ஒரு சாபம் இருக்கு, 882 தங்கக் காசு இருக்கு, ரத்தம் சிந்தணும்னு ஒரு விதி இருக்கு, கேட்டா சிக்கலாத்தான் தெரியும். ஆனா சாபம் பட்ட கொள்ளைக் கேப்டன் பார்போஸா நிலா வெளிச்சத்துல வந்து நின்னு ஒயின் பாட்டிலைத் திறந்து குடிக்கிறான், அந்த ஒயின் விலா எலும்பு வழியா ஒழுகி சட்டையெல்லாம் நனையுது பாருங்க, அவ்ளோதான், இவங்க சாகவும் முடியாது எதையும் அனுபவிக்கவும் முடியாதுன்னு அந்த ஒரே ஷாட்ல புரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் யாரும் அதை நமக்கு ஞாபகப்படுத்தத் தேவையே இல்ல.

படம் ஓஹோன்னு ஓடினதும் ரெண்டாவதையும் மூணாவதையும் சேத்தே எடுக்கிறதுன்னு முடிவாச்சு. முதல் படத்த எழுதும்போது மூணு பாகம்னு யாரும் திட்டம் போடல, அது ஒரு முடிஞ்ச கதை. இப்ப அதுக்கு அடியில புதுசா அஸ்திவாரம் தோண்டணும். ரிலீஸ் தேதிய நெருக்கி வச்சுக்கிட்டு, ஸ்கிரிப்ட் முழுசா முடியாமலேயே ஷூட்டிங் ஓடுச்சு.

ரெண்டாவது படத்துல இது பெருசா தெரியல. காரணம் அந்தத் தண்ணிச் சக்கரச் சண்டை. கொள்ளைக் கேப்டன் ஜாக், இளைஞன் வில், பழைய கடற்படை அதிகாரி நாரிங்டன் மூணு பேரும், சாபம் பட்ட கடல் கேப்டன் டேவி ஜோன்ஸோட இதயம் இருக்கிற பெட்டிக்காக ஒருத்தரோட ஒருத்தர் கத்தி வீசிக்கிறாங்க. வில்லுக்கு ஜோன்ஸோட கப்பல்ல மாட்டிக்கிட்ட அப்பாவ விடுவிக்கணும், நாரிங்டனுக்குப் போன வேலையும் மரியாதையும் திரும்ப வேணும், ஜாக்குக்கு ஜோன்ஸ்கிட்ட பட்ட கடன்ல இருந்து தப்பிக்கணும். சக்கரம் உருண்டு ஓடுது, சாவி கை மாறிக்கிட்டே இருக்கு, நமக்கு ஒரு செகண்ட் கூட குழப்பம் இல்ல, ஏன்னா மூணு பேரோட ஆசையும் ஒரே பொருள் மேல இருக்கு, அந்தப் பொருள் நம்ம கண் முன்னாடி இருக்கு. சிக்கலான கதைய எப்படிச் சொல்லணும்னு பாடம் எடுக்கலாம் இந்த ஒரு சீனை வச்சே.

இப்ப மூணாவது படம். வில் தன் அப்பாவ மீட்கக் கப்பல் வேணும்னு சிங்கப்பூர்ல கொள்ளைத் தலைவன் சாவ் ஃபெங் கூட ரகசியமா ஒரு டீல் போடுறான், சாவ் ஃபெங் கிழக்கிந்தியக் கம்பெனிக்கார பெக்கெட் கூட இன்னொரு டீல், பெக்கெட் அவனை ஏமாத்திட்டு ஜாக் கூட பேச்சுவார்த்தை, அதுக்கப்புறம் வில் பிணங்களை பீப்பாயில கட்டி கடல்ல மிதக்கவிட்டு பெக்கெட்டுக்கு வழி காட்டுறான், அதை ஜாக் பாத்துட்டு தன் காம்பஸையே அவன் கையில குடுத்து தண்ணியில தள்ளிவிடுறான், இதுக்கு நடுவுல வில்லோட காதலி எலிசபெத் சாவ் ஃபெங் கூட அவன் கப்பலுக்குப் போயி அவன் சாகும்போது கேப்டனாவே ஆயிடுறா. ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருக்கு, உக்காந்து யோசிச்சா எல்லாம் பொருந்தும், நான் சரிபாத்திருக்கேன். ஆனா தியேட்டர்ல நமக்கு யோசிக்க நேரம் எங்க? படம் கிட்டத்தட்ட மூணு மணி நேரம், இருந்தும் ஒரு துரோகத்தை மனசு வாங்கறதுக்குள்ள அடுத்தது வந்துடுது. அடிக்கடி நடந்தா துரோகம் வலிக்காது.

இதைவிட எனக்குப் பெரிய வருத்தம் கலிப்ஸோ விஷயம். கடல் தேவதைய ஒன்பது கொள்ளைத் தலைவர்கள் மனுஷ உடம்புல கட்டிவச்சாங்க, அதுக்கு வழி சொன்னதே அவ காதலன் டேவி ஜோன்ஸ், பத்து வருஷம் செத்தவங்களக் கரை சேத்துட்டு அவளப் பாக்க வந்தான், அவ வரல, அந்தக் கோபம். எவ்ளோ பெரிய காதல் கதை! இதை சிறைக்கம்பிக்கு ரெண்டு பக்கமும் நின்னு வசனமா பேசி முடிச்சுட்டாங்க. பில் நைகி, நயோமி ஹாரிஸ் ரெண்டு பேரும் உயிரைக் குடுத்து நடிச்சதால அது நிக்குது, இல்லன்னா அதுவும் போயிருக்கும். சரி, விடுதலையான தேவதை என்ன பண்றா? பிரம்மாண்டமா வளர்ந்து, நண்டுகளா சிதறி, ஒரு சுழலைக் கிளப்பிட்டுக் காணாமப் போயிடுறா. ஒன்பது தலைவர்கள் கூட்டமும் அப்படித்தான். இந்தியப் பெருங்கடலுக்குன்னு ஸ்ரீ சம்பாஜின்னு ஒருத்தர் வர்றார், மராத்தியக் கடற்படை ஆங்கிரே குடும்பத்துல நிஜமாவே ஒரு சம்பாஜி இருந்தார், அவங்க கம்பெனிக் கப்பல்களோட மோதினவங்க, பிரிட்டிஷ்காரன் அவங்களுக்கு வச்ச பேரு கடல்கொள்ளைக்காரன். அந்த ஒரு பேர்லயே ஒரு படம் இருக்கு! ஆனா அவருக்கு இங்க கிடைச்சது ஒரு வரி. ரெண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டின தூரம் கப்பல் நிக்குது, கடைசில மோதிக்கிறது ரெண்டு மூணு கப்பல்தான், மத்ததெல்லாம் வேடிக்கை பாக்குது.

இத்தனைக்கும் படத்தோட முதல் சீன் என்ன தெரியுமா? மக்களோட உரிமையெல்லாம் ரத்துன்னு ஒருத்தன் வாசிச்சுக்கிட்டே இருக்கான், வரிசையா ஆளுங்களத் தூக்குல போடுறாங்க, கயிறு கழுத்துக்கு எட்டாத ஒரு சின்னப் பையன் பாட ஆரம்பிக்கிறான். கடலையே ஒரு கம்பெனி சொந்தமாக்கப் பாக்குது, இதுதான் உண்மையான கதை. டிஸ்னி குடும்பப் படத்துல இப்படி ஒரு ஆரம்பம் வைக்க தைரியம் வேணும். அந்தக் கதைய நேரா கொண்டுபோயிருந்தா யாருக்கும் குழப்பமே வந்திருக்காது.

காட்டியே புரியவச்ச இடங்களும் இதே படத்துல இருக்கு, அதனாலதான் ஆதங்கம். மணல் திட்டுல சமாதானப் பேச்சு நடக்குது, இந்தப் பக்கம் மூணு பேர், அந்தப் பக்கம் மூணு பேர். டேவி ஜோன்ஸ் பத்து வருஷத்துக்கு ஒரு நாள்தான் கரைல கால் வைக்கலாம், அதனால அவன் ஒரு தொட்டித் தண்ணிக்குள்ள நிக்கிறான். யாரும் அதப் பத்தி வாயே திறக்கல! அவன் மேல விழுந்த சாபம் மொத்தமும் அந்தத் தொட்டில தெரியுது.

அப்புறம் அந்தச் சுழல் சண்டை. கலிஃபோர்னியா பாம்டேல்ல ஒரு பெரிய விமான ஹேங்கருக்குள்ள கப்பலை ஆட்டி, மழைய ஊத்தி எடுத்தது. சண்டைக்கு நடுவுல வில்லும் எலிசபெத்தும் கத்தி வீசிக்கிட்டே கல்யாணம் பண்ணிக்கிறாங்க, ஹான்ஸ் ஸிம்மர் இசை அடிச்சுத் தூக்குது. ஜாக் கையில இதயமும் இருக்கு, உடைஞ்ச கத்தியும் இருக்கு. இதயத்தைக் குத்துறவன்தான் ஜோன்ஸோட இடத்துக்கு வருவான், ஒரு குத்து, அவன் ஆசைப்பட்ட சாகாவரம் அவனுக்கு. அந்த நேரத்துல டேவி ஜோன்ஸ் வில்லோட நெஞ்சுல கத்திய இறக்கிடுறான். ஜாக் பாக்குறான், ஒரு வார்த்தை பேசல, வில்லோட கைய வச்சே இதயத்தைக் குத்தவைக்கிறான். ரெண்டு படமா இழுத்த முடிச்சு அத்தனையும் ஜானி டெப்போட அந்த ஒரு பார்வையில அவிழுது. எனக்கு இப்பவும் சிலிர்க்குது.

படத்துக்குச் செலவு சுமார் 30 கோடி டாலர், வசூல் 96 கோடி, அந்த வருஷம் உலகத்துலயே முதல் இடம். ஜனங்க கோபப்பட்டு ஒதுக்கல, குழம்பிக்கிட்டே போயி பாத்தாங்க.

இப்ப ரெண்டு சீன் திரையில போடப்போறோம். முதல்ல சக்கரச் சண்டை, அடுத்தது மணல் திட்டு. சவுண்டை ஆஃப் பண்ணிட்டு ஓட்டச் சொல்லியிருக்கேன். யார் எதைப் பாக்குறாங்கன்னு மட்டும் கவனிங்க, அப்புறமா பேசலாம்.