அம்பலம் ஏறிய பாட்டு

தலைமை தாங்கும் ஐயா அவர்களே, அருமையாக வரவேற்புரை வழங்கிய பேராசிரியர் அம்மா அவர்களே, மழையிலும் முன்கூட்டியே வந்து நாற்காலி போட்டு வைத்த கிளை நூலகர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மேடைக்கு அழைத்தும் வராமல் பின்னால் நிற்கும் தொழிற்சங்கத் தோழர்களே, தாய்மார்களே, வணக்கம்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். சின்ன வயதிலிருந்து நான் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் பழமொழி அது. இன்று அமெரிக்காவின் கென்டக்கி நிலக்கரிச் சுரங்கங்களை வைத்து மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: கூலி, பாட்டு, தூசியால் வரும் நுரையீரல் நோய்.

கென்டக்கியில் ஹார்லன் கவுண்டி, நம் மாவட்டம் மாதிரி. அங்கே 1931 பிப்ரவரியில் முதலாளிகள் கூலியில் 10 சதவீதத்தை வெட்டினார்கள். குடியிருக்கும் வீடு கம்பெனியுடையது, கடையும் கம்பெனியுடையது. சங்கத்தில் சேர்ந்தால் வேலையோடு வீடும் போகும். மே 5-ஆம் தேதி அங்குள்ள எவர்ட்ஸ் என்ற ஊர் அருகே துப்பாக்கிச் சண்டையே நடந்து உயிர்கள் போயின.

சரி, பாட்டுக்கு வருகிறேன். ஃபுளாரன்ஸ் ரீஸ் என்று ஒரு அம்மா. அப்பா சுரங்கத் தொழிலாளி, கணவர் சாமும் அதே வேலை. சங்கம் கட்டிய சாமைத் தேடி, அந்தக் கவுண்டியின் போலீஸ் தலைவரான ஷெரிஃப் பிளேரின் ஆட்கள் வீட்டுக்குள் புகுந்தார்கள். சாம் முன்பே தகவல் தெரிந்து தப்பிவிட்டார். வீட்டில் ஃபுளாரன்சும் பிள்ளைகளும்தான். நினைத்துப் பாருங்கள் தாய்மார்களே! துப்பாக்கியோடு வந்தவர்கள் வீட்டையே புரட்டிப் போடுகிறார்கள், பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நாமாக இருந்தால் அழுவோம், சாமியை வேண்டுவோம். அந்த அம்மா சுவரில் தொங்கிய காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். நாம் பால் கணக்கு எழுதுகிறோமே, அதே மாதிரி வீட்டுக் காலண்டர்தான். அதில் ஒரு பாட்டு எழுதினார். காதில் ஏற்கெனவே இருந்த பழைய மெட்டு. 'நீ எந்தப் பக்கம்?' என்று கேட்கிற பாட்டு. ஆள் அனுப்பிய ஷெரிஃபின் பெயரையும் உள்ளேயே வைத்துவிட்டார்!

1941-இல் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் இருந்த குழு அதை இசைத்தட்டில் பாடியது. 1973-இல் அதே ஹார்லனில், புரூக்சைடு சுரங்கத்தில் வேலைநிறுத்தம். வயதாகிவிட்ட ஃபுளாரன்ஸ், போராடுகிறவர்கள் முன் எழுந்து நின்று தன் பாட்டைத் தானே பாடினார். ஆவணப்படத்தில் இன்றும் பார்க்கலாம். ஏழை சொல் அம்பலம் ஏறாதாம்! பாட்டாகப் போனது, ஏறிவிட்டது.

அதே மலைநாட்டு மருத்துவச்சி மோலி ஜாக்சனும் பட்டினியைப் பாடினார். நாட்டுப்புறப் பாட்டுகளைத் தேடிச் சேகரித்த ஆலன் லோமாக்ஸ், மோலியின் பாட்டுகளை வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்துக்காகப் பதிவுசெய்தார். நூலகம் என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் பாட்டுகளையும் இப்படிப் பதிவுசெய்து வைக்க வேண்டும் என்றுதான் மூன்று வருடமாக ஒவ்வொரு மேடையிலும் கேட்கிறேன். என் அத்தை நடவு வயலில், கூலியைக் குறைத்த பண்ணைக்காரரை வைத்து ஒரு பாட்டுக் கட்டினார். எனக்கு இரண்டு வரிதான் நினைவிருக்கிறது. மீதி அவரோடு போய்விட்டது. அந்தச் சொல்லை அம்பலம் ஏற்ற ஒரு நோட்டுப் புத்தகம்கூட நம்மிடம் இல்லை.

நுரையீரல் நோய் பற்றிப் பேச மணி இடம் தரவில்லை, தலைவர் மன்னிக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை காலை 10 மணிக்கு இதே இடத்தில் என் பேத்தி செல்போனோடு உட்கார்ந்திருப்பாள். வீட்டிலுள்ள பாட்டிமார்களைக் கூட்டிவாருங்கள். நடவுப் பாட்டோ, சுமை தூக்கும் பாட்டோ, தெரிந்த அளவு பாடட்டும். கட்டியவர் பெயரை மட்டும் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.