உறையூர் வீட்டு வைஃபையில் பதினாலு பேர்

வணக்கம் நேயர்களே. பக்கத்தில் ஒரு பேனாவும் தாளும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் சில எண்கள் சொல்வேன்.

நான் திருச்சியில் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுக்கிற வேலை செய்கிறேன். கேபிள் இழுப்பது, ரவுட்டர் மாட்டுவது, எங்காவது அறுந்தால் ஓடுவது. இன்று பேச வந்திருப்பது வீட்டு வைஃபை பற்றி, அதிலும் நமக்குத் தெரியாமல் வேறு யாராவது அதில் சேர்ந்திருக்கிறார்களா என்று எப்படிப் பார்ப்பது என்பது பற்றி.

உறையூரில் என் அக்கா வீடு. கீழே அவர்கள், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். ஆறு மாதமாக ராத்திரி ஆனால் போதும், அக்கா வீட்டு டிவியில் படம் நின்று நின்று ஓடும். அத்தானுக்கு மாடி வீட்டுப் பையன்மேல் சந்தேகம். பையன் கம்ப்யூட்டர் படிக்கிறான், சந்தேகத்துக்கு அந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது. நேரில் கேட்கவும் இல்லை, ஆனால் பேச்சு நின்றுபோய், தண்ணி மோட்டார் போடச் சொல்வதற்குக்கூட அக்காதான் படியேறிப் போகிற நிலைமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, அவன் உள்ள பூந்துட்டான், பாஸ்வேர்டை மாத்திக் குடுத்துட்டுப் போ."

மாற்றுவது இரண்டு நிமிட வேலை. ஆனால் மாற்றிவிட்டால் உள்ளே யார் இருந்தார்கள் என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும், சந்தேகம் மட்டும் அப்படியே தங்கிவிடும். அதனால், முதலில் எண்ணிப் பார்ப்போம் அத்தான் என்றேன். உங்கள் வீட்டில் நெட்டில் இருக்கிற சாமான் எத்தனை என்று கேட்டால், விரல் விட்டு ஆறு சொன்னார்: மூன்று போன், லேப்டாப், டிவி, ஒரு பழைய டேப்.

லேப்டாப்பைத் திறந்து ஸ்கேன் செய்தேன். பதிமூன்று வந்தது.

எப்படிச் செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எளிதான வழி ரவுட்டரையே கேட்பது. பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பல வீடுகளில் ரவுட்டரின் பக்கம் திறக்கும், சில வீடுகளில் 192.168.0.1, ஜியோ ஃபைபர் என்றால் பொதுவாக 192.168.29.1. எதுவும் ஒத்துவரவில்லை என்றால் போனின் வைஃபை செட்டிங்கில் கேட்வே என்று ஒரு எண் இருக்கும், அதுதான். ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் யூசர் நேமும் பாஸ்வேர்டும் இருக்கும். உள்ளே போனால் கனெக்டெட் டிவைசஸ் என்றோ, டிஎச்சிபி என்றோ ஒரு பட்டியல் கிடைக்கும். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது லாட்ஜ் ரிஜிஸ்டர் மாதிரி, யாருக்கு எந்த அறை கொடுத்தோம் என்று எழுதி வைத்திருக்கும், ஆள் காலையிலேயே கிளம்பிப் போயிருந்தாலும் கெடு முடிகிறவரை பெயர் அதிலேயே கிடக்கும்.

இந்த நிமிடம் உள்ளே இருப்பது யார் என்று தெரிய, ஸ்கேன் செய்ய வேண்டும். போனில் என்றால் ஃபிங் என்ற செயலி போதும். கம்ப்யூட்டரில் நான் பயன்படுத்துவது என்மேப், 1997இல் வெளிவந்தது, இலவசம், இன்றுவரை எங்கள் தொழிலில் எல்லோர் கையிலும் இருக்கிற கருவி. கமாண்ட் பிராம்ப்ட், அதாவது கட்டளை அடிக்கிற திரையைத் திறந்து, ஆங்கிலச் சின்ன எழுத்தில் என்மேப் என்று அடித்து, ஒரு இடைவெளி, சின்னக் கோடு, ஒட்டினாற்போல எஸ், என், மறுபடி இடைவெளி, அப்புறம் 192.168.1.0, சாய்கோடு, 24. உங்கள் வீட்டில் மூன்றாவது எண் 29 என்றால் 1க்குப் பதில் 29 போடுங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் முன்னால் சூடோ சேர்க்க வேண்டும், இல்லையென்றால் முக்கியமான தகவல் வராது. இதை உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் மட்டும் செய்யுங்கள், அனுமதி இல்லாமல் அடுத்தவர் நெட்வொர்க்கில் வேண்டாம்.

அது உள்ளே என்ன செய்கிறது? தெரு முனையில் நின்றுகொண்டு "ஏழாம் நம்பர் வீட்டுக்காரர் யாருங்க?" என்று சத்தமாகக் கேட்கிற மாதிரி, 1இலிருந்து 254 வரை ஒவ்வொரு எண்ணையும் கூப்பிடுகிறது. அந்த எண்ணில் இருக்கிற சாமான், "நான்தான், என் மேக் முகவரி இது" என்று பதில் சொல்லும். மேக் முகவரி என்பது நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாமானுக்கும் இருக்கிற அடையாள எண். இந்த முறைக்கு ஏஆர்பி என்று பெயர், 1982இல் வகுத்தது. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பல நேரம் பிங் செய்தால், அதாவது இருக்கிறாயா என்று தட்டிப் பார்த்தால், வாயைத் திறக்காது, ஃபயர்வால் என்கிற காவல் மென்பொருள் தடுத்துவிடும். ஆனால் இந்தக் கூப்பாட்டுக்குப் பதில் சொல்லாமல் அதே நெட்வொர்க்கில் யாரும் குப்பை கொட்ட முடியாது. தூங்குகிற போன் மட்டும் சில நேரம் குரல் கொடுக்காமல் விட்டுவிடும், அதனால் ஒரு தடவை பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று பாருங்கள். இன்னொன்று, கேபிள்காரர் கொடுத்த பெட்டி ஒன்று, கடையில் வாங்கிய ரவுட்டர் ஒன்று என்று நம் ஊரில் பல வீடுகளில் இரண்டு இருக்கும். இரண்டும் தனித்தனியாக வைஃபை கொடுத்தால் இரண்டிலும் போய்த்தான் ஸ்கேன் செய்ய வேண்டும்.

சரி, பதிமூன்று வந்தது. இனிமேல்தான் உண்மையான வேலை, யார் எது என்று கண்டுபிடிப்பது. மேக் முகவரியில் பன்னிரண்டு எழுத்து இருக்கும், முதல் ஆறு தயாரித்த கம்பெனியைச் சொல்லும். அத்தான் கண்ணில் பட்டது எஸ்பிரெசிஃப் என்ற பெயர், மூன்று இடத்தில். "இது சைனாக்காரன் மாப்ள, ஹேக் பண்ணிட்டான்" என்று எழுந்தே விட்டார். அது ஷாங்காயில் சிப் செய்கிற கம்பெனி, மலிவான ஸ்மார்ட் சாமான்கள் பலவற்றுக்குள் உட்கார்ந்திருப்பது அவர்கள் சிப்தான். நான் குளியலறை வாசலுக்குப் போய், கீசருக்குப் போட்டிருந்த ஸ்மார்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள் என்றேன். மூன்று இரண்டானது. ஹாலில் இருந்த இரண்டு கலர் பல்புகளை அணைத்ததும் அதுவும் போனது. மூன்றுமே போன தீபாவளிக்கு அத்தானே வாங்கியவை.

இப்படித்தான் கழிக்க வேண்டும், வேறு குறுக்கு வழி கிடையாது. ஒன்றை அணை, ஸ்கேன் செய், எது மறைந்தது என்று தாளில் எழுது. ரவுட்டர் ஒன்று, செட்டாப் பாக்ஸ் ஒன்று, பேசுகிற ஸ்பீக்கர் ஒன்று என்று அடித்துக்கொண்டே வந்தோம். கம்பெனிப் பெயரே இல்லாமல் வந்த ஒன்று அக்காவின் சொந்தப் போன். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும், போன்கள் வைஃபையில் தங்கள் உண்மையான மேக் முகவரியைக் காட்டாமல் தாமாக ஒன்றை உருவாக்கிக் காட்டுகின்றன. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இந்த நான்கில் ஒன்றாக இருந்தால், பெரும்பாலும் அப்படிப்பட்ட போன்தான். போன் செட்டிங்கில் அந்த முகவரி இருக்கும், ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

பதிமூன்றாவது சிசிடிவி ரெக்கார்டர். அது தெரிந்த சாமான்தான், ஆனால் என் வயிற்றைக் கலக்கியது அது ஒன்றுதான், ஏனென்றால் மாட்டிக் கொடுத்தவர் பாஸ்வேர்டை மாற்றவே இல்லை, பெட்டியோடு வந்தது அப்படியே இருந்தது. 2016இல் மிராய் என்றொரு வைரஸ் இந்த மாதிரி கேமராக்களுக்குள்ளும் ரெக்கார்டர்களுக்குள்ளும்தான் புகுந்தது, கையில் வைத்திருந்தது கம்பெனிகள் போட்டு அனுப்புகிற அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகளின் பட்டியல் மட்டும். அந்த வருடம் அக்டோபர் 21ஆம் தேதி, அப்படிப் பிடித்த சாமான்களை ஏவிவிட்டு டைன் என்ற டிஎன்எஸ் கம்பெனியை, அதாவது இணையதளப் பெயரைக் கேட்டால் அதன் முகவரியைச் சொல்கிற கம்பெனியை, முடக்கினார்கள், ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் அமெரிக்காவில் பல பேருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. யாரோ வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த கேமராக்கள் அதில் ஆயுதமாக இருந்தன. அதனால் அக்கா வீட்டில் முதலில் மாற்றியது அந்த ரெக்கார்டர் பாஸ்வேர்டைத்தான்.

சாப்பிட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டேன். ராத்திரி ஒன்பதரைக்கு மறுபடி ஸ்கேன் செய்தால் பதினாலு. புதிதாக வந்தது ஒரு போன், பெயர் இல்லை, மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து ஏ. வீட்டில் இருந்த எல்லாப் போன்களையும் அணைத்துப் பார்த்தோம், அது மட்டும் போகவில்லை. அத்தான் மாடியை நிமிர்ந்து பார்த்தார். பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, ரவுட்டரில் அந்த ஒரு முகவரியை மட்டும் பிளாக் செய்தேன். இது நிரந்தரத் தடை ஆகாது, அந்தப் போன் வேறு முகவரி காட்டி மறுபடி வரலாம், ஆனால் யாருக்கு வலிக்கிறது என்று பார்க்க இது போதும்.

மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அக்கா மகள் வந்து நின்றாள், பிளஸ் டூ படிக்கிறாள். "மாமா, நேத்து ஏதாச்சும் மாத்துனீங்களா? பக்கத்து வீட்ல அவளுக்கு நெட் வரலையாம்." கூடப் படிக்கிற பெண்ணுக்கு டேட்டா தீர்ந்துபோன ஒரு நாள், இவள் தன் போனில் வைஃபை க்யூஆர் கோடை எடுத்துக் காட்டியிருக்கிறாள். பாஸ்வேர்டைச் சொல்லவே வேண்டாம், காட்டினால் போதும், பல போன்களில் அந்தக் கோடுக்குக் கீழே பாஸ்வேர்டும் எழுத்தாகவே தெரியும். மாடி வீட்டுப் பையன் ஒரு நாளும் உள்ளே வரவில்லை.

படிக்கிற பிள்ளைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள் அக்கா. எனக்கும் அந்தப் பெண்மேல் கோபம் இல்லை. ஆனால் அவள் போனிலிருந்து அந்தக் கோடு அடுத்த போனுக்குப் போகும், அங்கிருந்து இன்னொன்றுக்கு, கடைசியில் யார் கையில் நிற்கும் என்று நமக்குத் தெரியாது, யார் என்ன செய்தாலும் வெளியே தெரிவது நம் வீட்டு ஐபி முகவரி. 2008 ஜூலை 26, அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடம் முன்னால் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. போலீஸ் தடம் பிடித்துப் போய் நின்றது நவி மும்பையில் குடியிருந்த ஒரு அமெரிக்கர் வீட்டு வாசலில். அவர் வீட்டு வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் விசாரணையை அவர்தான் தாங்க வேண்டியிருந்தது. இதைச் சொன்னதும் அக்கா ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் செய்தது கொஞ்சம்தான். வைஃபை பாஸ்வேர்டை நீளமாக மாற்றினேன், ரவுட்டர் பக்கத்துக்கு வேறொரு பாஸ்வேர்டு போட்டேன், பாஸ்வேர்டு அடிக்காமலே சாமான்களைச் சேர்க்கிற டபிள்யூபிஎஸ் என்கிற வசதியை அணைத்தேன். அந்த வசதியில் எட்டு இலக்க எண் இருந்தும், பாதி பாதியாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 தடவை முயன்றால் திறந்துவிடும் என்பது 2011இலேயே வெளியான விஷயம். பல்பு, பிளக், ரெக்கார்டர் எல்லாம் கெஸ்ட் நெட்வொர்க்குக்கு, அதாவது அதே ரவுட்டர் விருந்தாளிகளுக்கென்று தனியாகக் கொடுக்கிற வைஃபைக்குப் போயின.

டிவி நின்று நின்று ஓடியதே, அதற்குக் காரணம் எந்தத் திருடனும் இல்லை. ரவுட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது, டிவி 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தது. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான், ராத்திரியில் தெருவே அதில்தான் படம் பார்க்கிறது. ரவுட்டரை எடுத்து ஹால் கதவுக்கு மேலே மாட்டி, டிவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

பெயர் எழுதிய தாளை அத்தான் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார். மாதம் ஒரு தடவை ஸ்கேன் செய்து அதோடு ஒப்பிடுகிறார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு கெஸ்ட் நெட்வொர்க்கில் இடம் கொடுத்தோம், ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, பரீட்சை முடிகிறவரை. தாளில் அவள் பெயரும் இருக்கிறது, பதினாலாவதாக.

நன்றி, வணக்கம்.