உதிரிப் பழமும் கெலா மீனும்

நேயர்களுக்கு வணக்கம். நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் தூண்டில் போடுவதைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கால்வாயோரத்தில் மண்புழுவைக் கோத்துக் கெளுத்தியும் விராலும் பிடித்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்பி அம்மாவிடம் அடி வாங்கியவர்கள்தாம் நாம். ஆகவே, வழிகாட்டிக்குப் பணம் கொடுத்து மீன் பிடிக்கப் போகிறவரைக் கண்டால் நமக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்ததுண்டு.

அலாஸ்காவில் கீனாய் என்றோர் ஆறு ஓடுகிறது. 1985ஆம் ஆண்டு மே மாதத்தில் லெஸ் ஆண்டர்சன் என்பவர் அங்கே பிடித்த சினூக் சால்மன் 97 பவுண்டுக்கும் சற்று அதிகமாக, அதாவது ஏறத்தாழ 44 கிலோ எடை இருந்தது. அத்தகைய மீனை நாடி அங்கே போன வெளியூர்க்காரர்களில் பலர், வழிகாட்டியின் படகில்தான் ஏறினார்கள். கடலிலிருந்து முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் இரை எடுப்பதை நிறுத்திவிடுகிறது. பசியில்லாத மீனிடம் இரையைக் காட்டி என்ன பயன்? அது போகும் வழியில் குறுக்கிட்டு, அதற்குச் சினமூட்டித்தான் கடிக்க வைக்க வேண்டும். எந்தப் பாறையின் மறைவில், எந்த நீரோட்டத்தின் ஓரத்தில் அது இளைப்பாறும் என்று அறிந்தவருக்குத்தான் அந்தக் கூலி.

நம் நாட்டுக் கெலா இதற்கு நேர்மாறானது. அது கடலுக்குப் போவதில்லை. தெளிந்து விரைந்தோடும் காட்டாற்றிலேயே வாழ்ந்து, கரையோர மரங்களிலிருந்து விழும் பழங்களையும் விரும்பித் தின்னும். பசியுள்ள மீன்தானே, எளிதில் சிக்கும் என்று நானும் எண்ணினேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வட பேராக்கிலுள்ள கிரிக் நகரைக் கடந்து, பண்டிங் துறையில் படகேறி, தெமெங்கோர் ஏரியைத் தாண்டி ஒரு கிளையாற்றுக்குள் போனோம். வழிகாட்டியாக வந்தவர் தெமியார் என்ற பூர்வகுடி இனத்துப் பெரியவர் ஒருவர். நான் அவரைப் பாக் சிக், அதாவது மலாயில் மாமா, என்றே அழைத்தேன். நான் தூண்டிலை எடுத்ததுமே அவர், "துங்கு டூலு" என்றார். மலாயில் முதலில் பொறு என்று பொருள். நம் காதில் அது 'தூங்கு' என்று விழுவதற்கு அவர் பொறுப்பாளர் அல்லர். ஆனால் ஒரு மணி நேரம் பாறைமேல் சும்மா உட்கார்ந்திருந்ததில் நான் ஏறக்குறைய அதைத்தான் செய்தேன். கூலி கொடுத்தவன் நான், சும்மா இருக்கச் சொல்கிறவர் அவர் என்ற ஆதங்கமும் உள்ளுக்குள் இருந்தது.

எதிர்க்கரையில் ஒரு காட்டத்தி மரம் நின்றது. அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை, மரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆம், கேட்டுக்கொண்டிருந்தார். பழமொன்று 'தொப்' என்று விழுந்தது. சற்றுக் கீழே நீர் சுழித்தது. உடனே சட்டைப்பையிலிருந்து அவர் எடுத்தது என்னவென்று நினைக்கிறீர்கள்? எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழம்! என் தாயார் மரத்தடியில் குனிந்து குனிந்து பொறுக்கிச் சாக்கில் சேர்த்த அதே உதிரிப் பழம். அதை முள்ளில் கோத்து, உயரமாக வீசி, அத்திப் பழம் விழும் அதே ஓசையோடு விழச் செய்யச் சொன்னார். முதல் நான்கு வீச்சுகளில் என் ஓசை பிசகியது. ஐந்தாவதில் கெலா கவ்வியது. கவ்விய வேகத்தில் பாறை இடுக்குக்குள் பாய்ந்து தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது. மாலையில் சிக்கிய இன்னொன்று நான்கு கிலோ இருக்கலாம். தடித்த உதடு, வாயோரத்தில் நான்கு மீசைகள், ஐம்பது காசு நாணயம் போன்ற செதில்களில் செம்பொன் நிறம். பெரியவர் கையை நனைத்துக்கொண்டு, மீனின் தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்திருந்தார். அது தானாக வாலை அசைத்து நழுவும் வரை விடவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் இரண்டு விரல்களைக் காட்டுகிறார். கெலாவின் உறவான காவிரிக் கெண்டையைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். 1946இல் கபினியாற்றில் 120 பவுண்டு எடையில் பிடிபட்ட அந்த இனம் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தெமெங்கோர் ஏரிப் பக்கமுள்ள அரச பெலும் பூங்காவுக்குள் போகிறவர்கள் முன்னதாகவே அனுமதி பெற்றாக வேண்டும். தூண்டில் முள்ளில் பின்னோக்கி நிற்கும் சிறு முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனை அதிகக் காயமின்றி விடலாம். உதிரிப் பழம் பத்து இருந்தால் போதும், சாக்கோடு தூக்கிப் போக வேண்டாம். வணக்கம்.