ஒரு நிமிட வாசல்

நேயர்களுக்கு வணக்கம். 30 வருடம் ஆய்வுக்கூடத்தில் இரத்தம் பார்த்தவன் நான். மலேரியா உள்ள நாடுகளிலிருந்து மொரிசியசுக்கு வந்து இறங்கியவர்களின் வீடு தேடிப் போய், விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து வருவார்களே, அந்தச் சொட்டு என் போன்றவர்களிடம்தான் வரும். சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால், சிவப்பணுவுக்குள் கல் வைத்த மோதிரம் மாதிரி கிருமி உட்கார்ந்திருக்கும். நீல வளையம், சிவப்புக் கல். அழகுதான், சொல்லக் கூடாது.

1867-ல் போர்ட் லூயி மலேரியாவால் பிணக்காடானதையும், வசதி உள்ளவர்கள் கியூர்பிப் மேட்டுக்கு ஏறிப் போனதையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். என் ஆயா கரும்புத் தோட்டக் குடியிருப்பில் வளர்ந்தவர். ‘முறைக்காய்ச்சல்’ என்பார், கிரியோலில் ‘லாஃபியேவ்’. தாத்தாவுக்கு வந்தபோது விரல் விட்டு நாள் எண்ணுவாராம். “இன்னிக்கு வராது, நாளைக்கு மத்தியானம் வரும், இப்பவே கஞ்சியைக் குடிச்சிடு” என்பாராம். சொன்ன நேரத்துக்குக் கம்பளி வேண்டியிருக்கும். 1949-க்குப் பிறகு வீடு வீடாக டிடிடி கொசு மருந்து அடித்தபோது, ஆயா முருகர் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றாராம். “காய்ச்சலும் போச்சு, மூட்டைப்பூச்சியும் போச்சு” என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆயா கதையை அரைமணி நேரம் சொல்வேன், விடுங்கள்.

அவர் கணக்கு சரியானதுதான். கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து, அதையே தின்று, ஏறக்குறைய 48 மணி நேரத்தில் பதினாறு, இருபது குட்டிகளாகப் பெருகி, அணுவை வெடித்துக்கொண்டு வெளியே வரும். ஏராளமான அணுக்கள் ஒரே நேரத்தில் வெடிக்கும்போதுதான் அந்த நடுக்கம்.

வெளியே வந்த குட்டிக்கு உடனே அடுத்த அணு வேண்டும். முதலில் எப்படியோ ஒட்டும். பிறகு புரண்டு, தன் கூரான முனையை அணுவின் பக்கம் திருப்பும். அடுத்து நடப்பதுதான் எனக்குப் பிடித்த இடம். பிடித்துக்கொள்ள அந்தச் சுவரில் வாகான ஆணி இல்லை. அதனால் தன் உடம்பிலிருந்தே ஒரு புரதத்தை அணுவின் சுவரில் அடித்து இறக்கி, அதைப் பற்றிக்கொண்டு உள்ளே போகிறது. ஆணியும் அவனே கொண்டு வருகிற திருடன்! கல்யாணப் பந்தியில் இதைச் சொன்னால் பக்கத்து இலைக்காரர் சாம்பார் கேட்க எழுந்து போய்விடுகிறார்.

தொட்டதிலிருந்து உள்ளே போய்ச் சேர ஏறக்குறைய ஒரு நிமிடம். இன்னொரு தடவை சொல்கிறேன், ஒரு நிமிடம். உள்ளே போய்விட்டால், கிருமியை எதிர்க்க நம் உடம்பு செய்து வைக்கும் எதிர்ப்புப் புரதங்கள் அதைத் தொட முடியாது. அந்த நிமிடத்துக்குள் கிருமியின் முனையில் போய் ஒட்டிக்கொண்டால்தான் பிடி நழுவும். காய்ச்சல் வந்தபிறகு ஆள் திரட்ட நேரமில்லை. இரத்தத்தில் முன்கூட்டியே நிறைய இருக்க வேண்டும்.

இருந்தால் வேலை செய்யுமா? செய்யும். மலேரியாவிலேயே வளர்ந்த காம்பியா நாட்டுப் பெரியவர்களின் இரத்தத்திலிருந்து எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்து, காய்ச்சலில் கிடந்த அந்நாட்டுக் குழந்தைகளுக்கு ஏற்றினார்கள். சில நாட்களில் கிருமிகளின் எண்ணிக்கை சரிந்துவிட்டது. இது 1961-ல் வெளிவந்த ஆய்வு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். தடுப்பூசியைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன்... சரி, இவ்வளவு மட்டும். கொசு கடித்ததும் கிருமி முதலில் கல்லீரலுக்குப் போய், பிறகுதான் சிவப்பணுவுக்கு வரும். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஊசி, கிருமி கல்லீரலுக்குப் போவதற்கு முன்பே மறிப்பது. நான் சொன்ன சிவப்பணு வாசலில் மறிக்கும் ஊசிக்கு, கிருமியின் ஆர்எச்5 என்ற புரதத்தைக் குறிவைத்திருக்கிறார்கள். கடுமையான மலேரியாக் கிருமிக்கு அது இல்லாமல் நுழைய முடியாது என்று 2011-ல் தெரிந்தது. ஊசி இன்னும் சோதனையில் இருக்கிறது. அப்புறம், மடகாஸ்கர் போய் வந்தவர்களே, காய்ச்சல் கண்டால் டாக்டரிடம் முதலில் பயணத்தைச் சொல்லுங்கள். விரலைக் குத்த வந்தால் நீட்டுங்கள். வணக்கம்.