பத்து லட்சம் மடல்களும் நான்கு கேள்விகளும்

நேயர்களுக்கு என் வணக்கம்.

கைப்பேசிக் கட்டணம் உயர்கிறது என்றாலும், ஒரு செயலிக்குத் தடை வருகிறது என்றாலும், அந்தச் செய்தி இணையத்தில் ஏறிய சில நிமிடங்களுக்குள் அதன் கீழே வாசகர்களின் கருத்துகள் குவிந்துவிடுகின்றன. அவற்றால் ஏதேனும் பயன் விளைகிறதா, எழுதியவரின் ஆற்றாமை தணிவதோடு எல்லாம் முடிந்துவிடுகிறதா என்று பலரும் கேட்கிறார்கள். பயன் விளைந்த ஒரு நிகழ்வு நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. எத்தகைய கருத்துக்கு அந்தப் பயன் கிட்டியது என்பதை இன்று சற்று விரிவாகப் பார்க்க விரும்புகிறேன்.

2015ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில், மூன்று நாள் இடைவெளியில் இரண்டு காரியங்கள் நடந்தன. மார்ச் 24ஆம் தேதி, ஷ்ரேயா சிங்கால் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறி அதை ரத்து செய்தது. பிறருக்கு எரிச்சலூட்டுவது, அசௌகரியம் உண்டாக்குவது என்று எல்லையே இல்லாத சொற்களால் இணையப் பதிவுகளைக் குற்றமாக்கிய பிரிவு அது. 2012 நவம்பரில் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே மறைந்தபோது நடந்த கடையடைப்பைப் பற்றி முகநூலில் கேள்வி எழுப்பிய ஓர் இளம்பெண்ணும், அதற்கு லைக் போட்ட அவருடைய தோழியும் மகாராஷ்டிரத்தின் பால்கரில் கைது செய்யப்பட்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒன்றைப் பற்றி விவாதிப்பதும், ஒரு கருத்துக்காக வாதாடுவதும், வன்முறைக்குத் தூண்டிவிடுவதும் வெவ்வேறானவை என்றும், முதல் இரண்டையும் சட்டம் தடுக்கக் கூடாது என்றும் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியது.

அடுத்த மூன்றாம் நாள், மார்ச் 27 அன்று, டிராய் என்று நாம் அழைக்கும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஓர் ஆலோசனை அறிக்கையை வெளியிட்டது. ஆங்கிலத்தில் 118 பக்கம். இறுதியில் 20 கேள்விகள். வாட்ஸ்ஆப், ஸ்கைப் போன்ற சேவைகளை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது, தொலைபேசி நிறுவனங்கள் ஒவ்வோர் இணையதளத்துக்கும் ஒவ்வொரு விதமாகக் கட்டணம் வாங்கலாமா என்பவை அக்கேள்விகளின் சாரம். இதற்குச் சில மாதங்கள் முன்பு, 2014 டிசம்பரில், இணையம் வழியாகப் பேசுவதற்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றிருந்ததால், தொழில்நுட்பச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களிடம் ஏற்கெனவே கொதிப்பு இருந்தது. ஆனால், 118 பக்கங்களை உட்கார்ந்து படித்துப் பதில் எழுத எத்தனை பேருக்குப் பொறுமையும் நேரமும் இருக்கும்?

இங்கேதான் ஒரு நல்ல காரியம் நடந்தது. செய்தியாளர்களும், வழக்கறிஞர்களும், மென்பொருள் எழுதுபவர்களுமாகச் சில தன்னார்வலர்கள் கூடி, அந்த அறிக்கையைப் படித்துச் சுருக்கி, 20 கேள்விகளுக்கும் காரணத்தோடு விடை எழுதி, ஒரு தளத்தில் வைத்தார்கள். ஏற்பவர் அதை அப்படியே ஆணையத்துக்கு மின்னஞ்சலாக அனுப்பலாம்; வேண்டிய இடத்தில் திருத்தியும் அனுப்பலாம். கருத்துச் சொல்வதற்கான கடைசி நாளான ஏப்ரல் 24க்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மடல்கள் போய்ச் சேர்ந்தன. இதற்கிடையே, ஏர்டெல் அறிவித்திருந்த, இணையதள நிறுவனங்களே வாசகருக்காகக் கட்டணம் செலுத்தும் திட்டத்திலிருந்து, ஏப்ரல் 14ஆம் தேதி ஃப்ளிப்கார்ட் விலகிக்கொண்டது. தொலைத்தொடர்பு விதிகளைப் பற்றிய ஒரு வறண்ட அறிக்கை, தேநீர்க் கடை வரைக்கும் பேசுபொருளானது அப்போதுதான்.

இரண்டாம் சுற்று, என் பார்வையில், முதல் சுற்றைவிட முக்கியமானது. ஃபேஸ்புக் நிறுவனம், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து, 2015 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கியிருந்தது. தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் டேட்டா கட்டணமில்லாமல் பார்க்கலாம். வெளியே போக வேண்டுமானால் காசு. பிறகு அதற்கு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். டிசம்பர் 9ஆம் தேதி, இம்முறை நான்கே கேள்விகளோடு, டிராய் இன்னோர் ஆலோசனை அறிக்கையை வெளியிட்டது. வெவ்வேறு தளங்களுக்கு வெவ்வேறு கட்டணம் வசூலிக்க அனுமதிக்கலாமா? அனுமதித்தால் பாரபட்சம் நேராமலும் போட்டி குன்றாமலும் எப்படிப் பார்த்துக்கொள்வது? மக்களுக்கு இலவசமாக இணையம் கொடுக்க வேறு வழிகள் உண்டா? ஆராய வேண்டியது வேறு ஏதேனும் இருக்கிறதா?

முகநூலைத் திறந்தவர்களின் முன்னால் உடனே ஒரு பொத்தான் வந்து நின்றது. அதை அழுத்தினால், இந்தியாவின் டிஜிட்டல் சமத்துவத்தை ஆதரிக்கிறேன், ஃப்ரீ பேசிக்ஸ் ஏழைகளுக்கு உதவும் என்ற பொருளில் ஆயத்தமாக இருந்த ஒரு மடல் ஆணையத்துக்குப் போகும். செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரங்களும் வந்தன. ஆணையத்துக்கு மொத்தம் ஏறக்குறைய 24 லட்சம் கருத்துகள் வந்து சேர, அவற்றில் 18 லட்சத்து 94 ஆயிரம் ஃப்ரீ பேசிக்ஸுக்கு ஆதரவானவை; அத்தனையும், @ குறிக்குப் பின் இரண்டே பெயர்களில் முடியும் மின்னஞ்சல் முகவரிகளின் வழியாக வந்தவை. அந்த மடல்களில் கேட்ட நான்கு கேள்விகளுக்கு விடை இல்லை. கட்டண வேறுபாட்டைப் பற்றிக் கேட்டால், ஒரு திட்டத்துக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள்.

தயாராக எழுதிவைத்த மடலை இரு தரப்பினரும்தானே அனுப்பினார்கள், ஒருவரை மட்டும் குறை சொல்வது நியாயமா என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மடல் பொதுவானதாக இருப்பது குற்றமில்லை. ஊர்ப் பொதுமனுவில் நூறு பேர் கையெழுத்திடுவதை நாம் குறையாகக் கொள்வதில்லை. முதல் சுற்று மடலில் கேள்விக்கு நேரான விடையும், அவ்விடைக்கான காரணமும் இருந்தன. மறுப்பவர் அந்தக் காரணத்தை எடுத்து மறுக்க இயன்றது. இரண்டாம் சுற்றில் பொத்தானை அழுத்தியவர்களில் பலருக்கு, எந்தக் கேள்விக்காக அதை அழுத்துகிறோம் என்பதே சொல்லப்படவில்லை. அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஏழைக்கு உதவும் என்று சொன்னால் நல்ல மனம் படைத்த எவரும் சம்மதிக்கத்தான் செய்வார். அந்த நல்ல மனத்தை எண்ணிக்கையாக மாற்றிக் காட்டியதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

ஆணையம் இதை விட்டுவிடவில்லை. கருத்து அனுப்பியவர்களிடம் நான்கு கேள்விகளுக்கும் விடை கேட்டு வாங்கித் தருமாறு ஃபேஸ்புக்கைக் கேட்டுக்கொண்டது. 2016 ஜனவரியில் எழுதிய கடிதத்தில், விவரமறிந்து முடிவெடுப்பதற்கான ஆலோசனையை, ஏற்பாடு செய்யப்பட்ட, வெறும் பெரும்பான்மை காட்டும் வாக்கெடுப்பாக மாற்றிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது என்று கண்டித்தது. பிப்ரவரி 8ஆம் தேதி வெளிவந்த ஒழுங்குமுறை விதிகள், உள்ளடக்கத்தைப் பொறுத்து டேட்டா கட்டணத்தில் வேறுபாடு காட்டுவதைத் தடை செய்தன. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். சில நாள்களிலேயே ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவிலிருந்து விலகியது. ஆதரவுக் கணக்கு 18 லட்சத்தைத் தாண்டியிருந்தும் முடிவு மாறாக வந்தது. மக்கள் குரலை ஆணையம் புறக்கணித்துவிட்டது என்று அப்போது சிலர் சொன்னார்கள். நான் அப்படிக் கருதவில்லை. வந்த காரணங்களை எடைபோட்டு முடிவு செய்த ஆணையம், மக்களுக்கு உரிய மரியாதையைத் தந்தது என்றே கருதுகிறேன்.

எண்ணிக்கையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. இதே போல எல்லா இணையதளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று சொல்லும் இணையச் சமநிலை விதிகளை நீக்குவது பற்றி 2017இல் அந்நாட்டுக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் கருத்துக் கேட்டபோது, 2 கோடியே 20 லட்சம் கருத்துகள் பதிவாயின. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் விசாரித்து 2021 மே மாதம் வெளியிட்ட அறிக்கையின்படி, அவற்றில் ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் போலியானவை. 85 லட்சம் கருத்துகள், விதிகளை நீக்க விரும்பிய அகலப்பட்டை (பிராட்பேண்ட்) நிறுவனங்களின் பணத்தில் நடந்த பிரசாரத்தின் வழியே, உரியவரின் சம்மதம் இல்லாமலே அவர்களின் பெயரில் சேர்க்கப்பட்டவை. எதிர்த் தரப்பிலும் சுத்தம் இல்லை: 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர், கணினியால் பெயர்களையும் முகவரிகளையும் உண்டாக்கி, 77 லட்சம் கருத்துகளைத் தாமே பதிந்திருக்கிறார். இந்தக் கூட்டத்துக்கு நடுவே, தம் கிராமத்தில் இணையம் எப்படிக் கிடைக்கிறது என்று உட்கார்ந்து உண்மையாக எழுதிய ஒரு விவசாயியின் கருத்து இருந்திருந்தால், அதை யார் கண்டுபிடித்திருப்பார்கள்? போலிக் கருத்தால் நேரும் பெரிய கேடு, மெய்க் கருத்தைக் கண்ணில் படாமல் செய்துவிடுவதுதான்.

செய்திக்குக் கீழே வரும் அன்றாடக் கருத்துகளுக்கும் இது பொருந்தும். செய்தித்தளம் ஒன்றில் வாசகர் கருத்துகளைப் படித்து வெளியிடும் வேலையைச் சில காலம் செய்திருக்கிறேன். கைப்பேசிக் கோபுரக் கதிர்வீச்சைப் பற்றி ஒரு கட்டுரை வெளியானால், தலைப்பை மட்டும் படித்தவர்களின் சினம் முதலில் வந்து சேரும். அப்படிப்பட்ட ஒரு நாளில், கோபுரப் பராமரிப்பில் இருந்தவர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட ஒருவர், இந்தியாவில் 2012 செப்டம்பரில் அனுமதி அளவு பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது என்பதையும், அரசின் தரங் சஞ்சார் தளத்தில் உரிய கட்டணம் கட்டினால் நம் வீட்டருகே அளவெடுத்துச் சொல்வார்கள் என்பதையும் நான்கே வரியில் எழுதியிருந்தார். கட்டுரையில் இல்லாத செய்தி அது. அதுவரை கொந்தளித்துக்கொண்டிருந்தவர்களில் சிலர், எப்படி விண்ணப்பிப்பது என்று அவரிடம் கேட்கத் தொடங்கினார்கள்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, எதிர்த் திசையில் நடப்பதைக் காட்டியது. நானோ தொழில்நுட்பத்தைப் பற்றிய ஒரே கட்டுரையை எல்லாருக்கும் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு அதன் கீழே பண்பான கருத்துகள், மற்றொரு பிரிவினருக்கு வசை கலந்த கருத்துகள். வசையைப் படித்தவர்களிடம், அத்தொழில்நுட்பத்தின் ஆபத்தைப் பற்றிய எண்ணங்கள் இரு துருவங்களாகப் பிரிந்தன. பாப்புலர் சயின்ஸ் இதழ் அதே ஆண்டு செப்டம்பரில், இந்த ஆய்வையும் சுட்டிக்காட்டி, தன் தளத்தில் கருத்துப் பகுதியையே மூடியது. அதை நான் புரிந்துகொள்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. நார்வே நாட்டு ஒலிபரப்பு நிறுவனத்தின் தொழில்நுட்பத் தளம் 2017இல் செய்து பார்த்தது எனக்கு மிகவும் பிடித்த வழி. கருத்து எழுத வருபவர், கட்டுரையிலிருந்து கேட்கப்படும் மூன்று கேள்விகளுக்குச் சரியான விடையைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் எழுதும் பெட்டி திறக்கும். யாருடைய வாயையும் அடைக்கவில்லை; படித்துவிட்டுப் பேசுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். தமிழ்ச் செய்தித்தளங்கள் இதை முயன்று பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இனி, சொல்லப்பட்ட கருத்து எங்கே போகிறது என்பதைப் பற்றி. டிராய், தனக்கு வந்த பத்து லட்சம் மடல்களையும் 2015 ஏப்ரல் 27 அன்று தன் தளத்தில் எல்லாரும் படிக்குமாறு வெளியிட்டது. அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை மறைக்காமல் விட்டது பெரும் பிழை. அவற்றை யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகும் நிலை ஏற்பட்டது. ஆனால் யார் என்ன சொன்னார், அதற்கு எதிர்த் தரப்பு என்ன சொல்லியது என்பதை வாசகர் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. 2025 ஜனவரியில், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளின் வரைவின் மீது மத்திய மின்னணுத் துறை அமைச்சகம் கருத்துக் கேட்டபோது, வரும் கருத்துகளை எந்தக் கட்டத்திலும் யாருக்கும் வெளிப்படுத்த மாட்டோம், பெயரில்லாத தொகுப்பை மட்டும் பின்னர் வெளியிடுவோம் என்று அறிவித்தது. அச்சமின்றிச் சொல்லட்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். தனி மனிதர்களைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் பெரிய நிறுவனங்கள் நம் தரவைப் பற்றி அரசிடம் என்ன கேட்டன என்பதை நாம் அறிய வேண்டாமா? ஒருவர் காரணத்தை மற்றவர் படித்து மறுக்க இயலாத ஆலோசனையில், பலம் உள்ளவரின் சொல்லே எடுபடும் என்று அஞ்சுகிறேன்.

சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற கொள்கை 2014 முதல் மத்திய அரசிடம் இருக்கிறது, அது சட்டமாகவில்லை. அழைப்புத் துண்டிப்புக்கு இழப்பீடு தர வைத்த டிராய் விதியை 2016 மே மாதம் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், மக்களிடம் கருத்துக் கேட்டு, வந்தவற்றைக் கருத்தில் கொண்டு, முடிவுக்கான காரணத்தையும் வெளியிட்ட பிறகே விதிகள் இயற்ற வேண்டும் என்ற வகையில் ஒரு பொதுச் சட்டம் கொண்டுவருவதைப் பற்றி நாடாளுமன்றம் ஆராயலாம் என்று கூறியது. அச்சட்டம் வரும்போது, இன்னும் மூன்றை அதில் சேர்க்க வேண்டும்: அனுப்பியவரின் முகவரியை மறைத்துக் கருத்துகளை முழுமையாக வெளியிடுதல், நிறுவனங்கள் தரும் கருத்துகளைப் பெயரோடு வெளியிடுதல், கேட்கும் கேள்விகளை அந்தந்த மாநில மக்களின் மொழியில் கேட்டு அம்மொழியிலேயே விடை பெறுதல். 118 பக்க ஆங்கில அறிக்கைக்குத் தமிழில் விடை எழுதக்கூடியவர்கள் நம் ஊர்களில் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களிடம் இன்னும் எவரும் கேட்கவில்லை.

நன்றி. வணக்கம்.