ஆதார் இல்லைங்க, ஆதன்

(ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. எழுதித் தரச் சொன்னார்கள், கூடுமானவரை பேசியபடியே தந்திருக்கிறேன். மைக் இரண்டு முறை நின்றுபோனதை மட்டும் விட்டுவிட்டேன்.)

பெருமதிப்புக்குரிய அவைத் தலைவர் அவர்களே, இந்த மாடி எழும்புவதற்குத் தன் ஓய்வூதியத்திலிருந்து எடுத்துக் கொடுத்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இந்த ஊரில் பாதிப் பேரை முதன்முதலாகக் கையில் ஏந்திய மகப்பேறு மருத்துவர் அம்மா அவர்களே, இன்னொரு கூட்டம் இருக்கிறது என்று வாசலிலேயே சொல்லிவிட்டு, ஆனாலும் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் கால் மணியை எடுத்துக்கொண்ட தம்பி அவர்களே, இதே பேச்சை ஏற்கெனவே பல தடவை கேட்டும் மறுபடி வந்திருக்கும் என் வீட்டம்மா அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய நூலகர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி. இந்தப் பொன்னாடையோடு சேர்த்து வீட்டில் இப்போது பதினேழு இருக்கிறது, அடுத்த முறை ஒரு புத்தகம் கொடுத்தால் போதும்.

ஆண் குழந்தைக்குப் பழைய பெயர் வைப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். பழைய பெயர் என்றால் எவ்வளவு பழசு, அது வாயில் நிற்குமா, அப்புறம் அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது.

எங்கள் அப்பத்தா எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்லும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். உடைந்த உரலைக்கூட இதைச் சொல்லித்தான் தூக்கிப் போட விடாது. எனக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது, இன்றைக்கு நாலைந்து தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எது பழசு? முனுசாமி, கோவிந்தசாமி என்று பேரனுக்கு வைக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள், பையனைப் பெற்றவர்கள் முகம் சுருங்கிவிடும், ரொம்பப் பழசு என்பார்கள். அதே ஆட்கள் மாறன், செழியன், பாரி என்றால் ஆகா, புதுசா இருக்கே என்கிறார்கள். முனுசாமி நூறு வருஷத்துப் பெயர், செழியன் 2000 வருஷத்துக்கு மேற்பட்ட பெயர். தாத்தா பெயர் பழசு, தாத்தாவுக்குத் தாத்தாவுக்குத் தாத்தா பெயர் புதுசு! எனக்கு இதற்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான். முனுசாமி என்றதும் நமக்குத் தெரிந்த ஒரு முனுசாமியின் வழுக்கையும் மூக்குப்பொடியும் சேர்ந்து வந்துவிடுகின்றன. செழியனின் வழுக்கையை யாரும் பார்த்ததில்லை.

மதுரைப் பக்கம் மாங்குளம் மலையில் தமிழி எழுத்தில், அதாவது தமிழின் மிகப் பழைய எழுத்தில், நெடுஞ்செழியன் பெயர் வெட்டியிருக்கிறது. 1882இல் அந்தக் கல்வெட்டு வெளியே தெரிந்தது. அதற்கப்புறம் போன நூற்றாண்டில் நாராயணசாமி என்ற இளைஞர் நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அவர்களுக்கும் முந்தி வேதாசலம் மறைமலை ஆனார், சூரியநாராயண சாஸ்திரி சொல்லுக்குச் சொல் மாற்றிப் பரிதிமாற்கலைஞர் ஆனார். பாறையிலும் ஏட்டிலும் கிடந்தது ரேஷன் கார்டுக்கு வந்துவிட்டது. யானை இறந்தாலும் ஆயிரம் பொன் என்று அப்பத்தா சும்மாவா சொன்னது?

தாத்தா பெயரை நான் வேண்டாம் என்று சொல்வதாக நினைக்காதீர்கள், வீட்டம்மா முறைப்பது இங்கிருந்தே தெரிகிறது. பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தாவின் பெயரைத் தாங்கியவன். சங்க நூலான ஐங்குறுநூற்றில் 403ஆம் பாட்டு, தளர்நடை போட்டுச் சிறுதேர் உருட்டும் பிள்ளையைத் ‘தந்தை பெயரன்’ என்கிறது. தலைவன் தன் அப்பா பெயரைப் பிள்ளைக்கு வைத்திருக்கிறான். அதைப் பாடிய புலவர் பெயர் பேயனார். சங்கப் பெயர் என்பதற்காகப் பேயன் என்று வைத்துவிடாதீர்கள், பள்ளிக்கூடத்தில் பையன் என்ன பாடுபடுவான்!

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன், அதைக் கேட்கத்தான் பாதிப் பேர் வந்திருக்கிறீர்கள். பேரன் பிறந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். மருமகள் பக்கத்தில் பதினோரு பேர், எங்கள் பக்கத்தில் ஒன்பது பேர், நடுவில் எண்கணிதக்காரர் ஒருவர் எப்படி நுழைந்தார் என்று இன்றுவரை தெரியாது. வந்த பெயர்களில் முக்கால்வாசி ‘ஷ்’ என்று முடிந்தன, இரண்டு ‘ஷித்’ என்று முடிந்தன, குக்கர் விசில் மாதிரி இருந்தது. நான் சாத்தன் என்று போட்டேன். இலக்கண உரைகளில் சாத்தன் வந்தான், கொற்றன் வந்தான் என்றுதானே எடுத்துக்காட்டு வரும், எகிப்தில் செங்கடல் கரையில் குசைர் அல் காதிமில் கிடைத்த பானை ஓட்டில்கூட அந்தப் பெயர் இருக்கிறது, கடல் கடந்த பெயர் என்று எழுதினேன். மகன் வெளிநாட்டிலிருந்து ஒரே வரி அனுப்பினான்: “அப்பா, இதை இங்கிலீஷ்ல எழுதிப் பாருங்க.” எழுதிப் பார்த்தேன். சைத்தான் வந்து நின்றது. குழுவில் இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் ஆதன் என்றேன். கீழடிப் பானை ஓட்டில் ஆதன் இருக்கிறது, குவிரன் ஆதன் இருக்கிறது, கொடுமணலில் கண்ணன் ஆதன் இருக்கிறது. புகளூர் மலையில் சேர மன்னனே ஆதன்தான். சம்பந்தியம்மா தமிழாசிரியர், அவர்தான் கொக்கி போட்டார். “ஆதனோட அப்பாவை இலக்கணப்படி என்னன்னு சொல்வாங்க சம்பந்தி?” மாட்டிக்கொண்டேன். ஆதன் தந்தை சேர்ந்தால் ஆந்தை, தொல்காப்பியமே விதி சொல்கிறது, சங்கப் புலவர் பிசிராந்தையாரும் அப்படி வந்தவர்தான். என் மகன் ஆந்தை ஆகிறான்! ஆனால் மகனுக்கு அது பிடித்துப்போனது. ராத்திரியெல்லாம் குழந்தையோடு விழித்திருக்கிறேன், பொருத்தமாகத்தான் இருக்கிறது என்றான். பெயர் முடிவாயிற்று.

பிறப்பைப் பெயர் இல்லாமலே பதிந்துவிடலாம், 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம், அதற்கப்புறம் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரைக்கும் சேர்க்கலாம். நாங்கள் சண்டை போட்டு முடிக்கவே பத்தாம் மாதம் ஆகிவிட்டது. பதிவு அலுவலகத்துக்கு நான்தான் போனேன், எந்த ஊர் அலுவலகம் என்று கேட்காதீர்கள். சன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு தம்பி.

“குழந்தை பேரு?”

“ஆதன்.”

“ஆதார் அப்புறம் பாத்துக்கலாம் சார், பேரைச் சொல்லுங்க.”

“பேர்தாம்ப்பா, ஆதன்.”

“கைக்குழந்தைக்கு ஆதார் அவசரமில்ல சார். பின்னாடி ஆள் நிக்குது.”

நான் கீழடியில் ஆரம்பித்தேன். பின்னால் நின்றவர், பெரியவருக்கு ஆதார் தொலைந்துபோச்சு போலிருக்கு, பாவம், கொஞ்சம் பார்த்து செய்யுங்க தம்பி என்று சிபாரிசு வேறு செய்தார். கடைசியில் ஒரு தாளை வாங்கிக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தம்பி படித்துவிட்டு, “நல்லா இருக்கே சார், புதுசா இருக்கு” என்றான். சான்றிதழ் வந்தது, ‘ஆதர்’ என்று. திருத்தத்துக்கு இன்னும் மூன்று நடை. ஆனால் ஒன்று, மூன்றாவது நடையில் அதே தம்பி தன் அக்கா மகனுக்குப் பெயர் கேட்டான், பூதன் என்றேன், அவன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

இரண்டாவது, வாயில் நிற்குமா. தமிழ்ப் பெயருக்கு ஒரே சோதனைதான், கூப்பிட்டுப் பார்ப்பது. தொல்காப்பியத்தில் கூப்பிடுவதற்கென்றே விளிமரபு என்று ஓர் இயல் இருக்கிறது. ஆதன் என்றால் ஆதா, மாறன் என்றால் மாறா, பாரி என்றால் பாரீ. மாடியிலிருந்து கூப்பிட்டால் தெருமுனை வரைக்கும் போகும். ‘ஷ்’ஷில் முடியும் பெயரைக் கூப்பிட முடியாது, ஒரு உகரம் போட்டு ஷு ஆக்கித்தான் ஆக வேண்டும்.

இந்தப் பெயர்களெல்லாம் எங்கே இருக்கின்றன? நான் இன்று மேடை ஏறியதே இதற்காகத்தான், தலைவர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். மேலூர் அருகே அரிட்டாபட்டி மலையில் இலஞ்சி வேள் மாப்பரவன் மகன் எமயவன் குகை கொடுத்ததாக ஒரு கல்வெட்டு. அப்பா பெயர், மகன் பெயர் இரண்டும் ஒரே வரியில். 2022இல் அந்த மலையைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அந்தப் பகுதியைச் சேர்த்து வந்த டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை ஊர் மக்கள் விடாமல் நின்று எதிர்த்தார்கள், 2025 ஜனவரியில் ரத்தானது. அவர்களுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். இன்னும் பலமாக, நகர்மன்ற உறுப்பினருக்கும் கேட்கட்டும்.

சுரங்கத்தை நிறுத்தலாம், பெயின்ட் டப்பாவை யார் நிறுத்துவது? நான் ஏறிப் பார்த்த மலைக் குகைகளில் சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கைக்கு மேலேயே, எழுத்துக்குப் பக்கத்திலேயே, வெள்ளைப் பெயின்டில் ஒரு பையன் பெயர், ஒரு பெண் பெயர், நடுவில் அம்பு. இன்னொன்றில் ஆணியால் கீறிய 2011 பேட்ச். பையன்களே, உங்கள் பெயரும் ‘ஷ்’ என்றுதான் முடிகிறது, அதற்காகப் பாறையில் இருக்கும் ஆதனை அழிக்கணுமா? மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சிதைத்தால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்ச ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் வரலாம். இதைச் சொல்லும் எச்சரிக்கைப் பலகை நின்ற இடத்தில் ஒரு குகையில் வெறும் கம்பிதான் இருந்தது. யானை இறந்தாலும் ஆயிரம் பொன்தான், தந்தத்தை மட்டும் நாமே அறுத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மலைக்கு ஒரு காவலர், எழுத்துக்கு முன்னால் ஒரு கம்பிவேலி, என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் ஒரு பலகை. மனு என் பையில் இருக்கிறது, மேடையில் இருப்பவர்கள் முதலில் கையெழுத்துப் போட்டால் மற்றவர்கள் தயங்க மாட்டார்கள்.

மூன்றாவது விஷயம், ஆங்கில எழுத்துக்கூட்டல், அதற்கு நேரமில்லை, துண்டுச்சீட்டு வந்துவிட்டது. என் பேரனுக்கே ஒரு ‘ஏ’யா இரண்டு ‘ஏ’யா என்று மருமகளும் மகனும் இன்னும் முடிவு செய்யவில்லை.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு நூலக வாசலில் வேன் நிற்கும். மலைக்கு வருகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், தமிழி எழுத்து அரை மணியில் பழக்கிவிடலாம். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயரை அதில் எழுதுங்கள், அதில் மட்டும்.