அலாரத்தை அணைத்துவிட்டு மலை ஏறாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் சர்க்கரை நோயாளிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இன்சுலின் போட்டுக்கொள்ளப் பழக்கிவிடும் செவிலியர் நான். இன்சுலின் பம்ப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். பம்ப் வைத்திருப்பவர்கள் நம் பக்கத்தில் அதிகம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வீட்டில் ஒரு பிள்ளையின் இடுப்பில் அது இருந்தால், பாட்டி முதல் பள்ளி வேன் ஓட்டுகிற அண்ணன் வரை எல்லோருக்கும் அதன் சத்தத்துக்கு அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் கருவியைச் சொல்லிவிடுகிறேன். டைப் 1 சர்க்கரை நோயில் கணையம் இன்சுலினைக் கிட்டத்தட்டச் சுரப்பதே இல்லை. வெளியிலிருந்து கொடுத்தால்தான் உயிர். 1922 ஜனவரியில் கனடாவின் டொரண்டோ நகரில் 14 வயதுப் பையன் ஒருவனுக்குத்தான் முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். இன்று அந்த மருந்தைச் சின்ன செல்போன் அளவுள்ள ஒரு கருவி இரவும் பகலும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. உள்ளே மருந்துக் குப்பி, அதிலிருந்து மெல்லிய டியூப், டியூபின் முனையில் தோலுக்கு அடியில் நிற்கிற கேனுலா என்னும் சிறு குழாய். அவ்வளவுதான். சாப்பிடும்போது தேவைப்படுகிற மருந்தைத் தட்டில் இருப்பதைக் கணக்குப் பார்த்து நாம்தான் பட்டனை அழுத்தி அனுப்ப வேண்டும்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஊசி போடுகிறவர்கள் உடம்பில், நாள் முழுக்க வேலை செய்கிற நீண்ட நேர இன்சுலின் ஒன்று இருக்கும். ஒரு வேளை ஊசி தவறினாலும் அது ஓரளவு தாங்கும். பம்பில் அந்த மருந்து கிடையாது. வேகமாக வேலை செய்து சில மணி நேரத்தில் தீர்ந்துபோகிற இன்சுலின் மட்டும்தான். டியூப் மடங்கினாலோ, கேனுலா அடைத்துக்கொண்டாலோ, பேட்டரி தீர்ந்தாலோ, உடம்பில் கையிருப்பு என்று எதுவும் இல்லை. இன்சுலின் இல்லாத உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதில் உண்டாகிற கீட்டோன் ரத்தத்தை அமிலமாக்கும். நாலு முதல் ஆறு மணி நேரத்துக்குள் நிலைமை மோசமாகிவிடலாம். அதனால்தான் அந்தக் கருவி அலறுகிறது.

ஆனால் வீடுகளில் என்ன நடக்கிறது? அலாரம் அடித்தால் கை தானாகப் பட்டனுக்குப் போகிறது. சத்தம் நின்றதும் பிரச்சினையும் தீர்ந்த மாதிரி ஒரு நிம்மதி. பட்டன் சத்தத்தைத்தான் நிறுத்தும், அடைப்பை எடுக்காது. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு அழுத்துங்கள். மருந்து போகவில்லை என்கிறதா, மருந்து தீரப்போகிறது என்கிறதா, பேட்டரி குறைவு என்கிறதா? பின்னவை இரண்டுக்கும் கொஞ்சம் அவகாசம் உண்டு. முதலாவதற்கு அவகாசமே கிடையாது.

போன கோடையில் நடந்தது ஒன்று. ஒரு குடும்பம் ஏற்காடு போனது. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது, பம்ப் வைத்திருக்கிறாள். காலையில் இட்லி சாப்பிட்டுக் கிளம்புகிற அவசரத்தில் அலாரம் அடித்திருக்கிறது. அவளே அணைத்துவிட்டாள். அடிவாரம் தாண்டுவதற்குள் மறுபடியும் அடித்தது. மறுபடியும் அணைத்தாள். ஏற்காடு பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு என்பது உங்களுக்குத் தெரியும். பாதி வளைவு ஏறும்போது பிள்ளை வாந்தி எடுத்தாள். மலை ஏறினால் யாருக்குத்தான் குமட்டாது? எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்து, ஜன்னல் ஓரம் உட்கார வைத்துக் கூட்டிப் போனார்கள். மேலே ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் வாந்தி நிற்கவில்லை. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள். வயிறு வலி என்றாள். அப்புறம்தான் அந்த அம்மாவுக்குச் சந்தேகம் தட்டி எனக்குப் போன் செய்தார். “சிஸ்டர், மலை ஏறினதால இருக்குமா?” என்று கேட்டார். “அம்மா, முதல்ல விரல்ல குத்திப் பாருங்க” என்றேன். மீட்டர் எண்ணே காட்டவில்லை, ‘ஹை’ என்று மட்டும் காட்டியது.

டியூபும் கேனுலாவும் சேர்ந்ததைத்தான் செட் என்கிறோம். வயிற்றில் ஒட்டியிருந்த அந்தச் செட்டைப் போனிலேயே சொல்லிச் சொல்லிக் கழற்ற வைத்தேன். ஒட்டுப் பிளாஸ்திரி ஈரமாக இருந்தது. முகர்ந்து பாருங்கள் என்றேன், டெட்டால் மாதிரி வாடை வருகிறது என்றார். இன்சுலினில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளின் வாடை அது. அந்த வாடை வெளியே வந்தால் மருந்து தோலுக்குள் போகவில்லை, ஒழுகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கேனுலாவின் முனை மடங்கிக் கிடந்தது. காலையிலிருந்து பிள்ளையின் உடம்புக்குள் ஏறக்குறைய ஒன்றுமே போகவில்லை. நல்ல வேளையாகப் பையில் இன்சுலின் பேனா, அதாவது பேனா வடிவ ஊசி, வைத்திருந்தார்கள். மருத்துவர் ஏற்கனவே எழுதிக் கொடுத்திருந்த அளவைப் பேனாவில் போட்டுவிட்டு, 108-ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போனார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள்.

பம்ப் வைத்திருப்பவருக்கு வாந்தி வந்தால், மலைப் பாதையாக இருந்தாலும் கல்யாண விருந்தாக இருந்தாலும், முதல் சந்தேகம் இன்சுலின் மேல்தான் இருக்க வேண்டும். சர்க்கரையைப் பாருங்கள், கீட்டோனைப் பாருங்கள். சர்க்கரை 250-க்கு மேல் இருந்து, பம்பில் கொடுத்த கூடுதல் மருந்துக்கு ஒரு மணி நேரத்தில் இறங்கவில்லை என்றால், இனி பம்பை நம்பாதீர்கள். பேனாவிலோ சிரிஞ்சிலோ மருந்து போடுங்கள், அதன் பிறகு செட்டை முழுவதும் புதிதாக மாற்றுங்கள். ரத்தக் கீட்டோன் 0.6-க்குக் கீழே இருந்தால் சரி. 1.5-ஐத் தாண்டினால் மருத்துவரை உடனே கூப்பிட வேண்டும். 3-ஐத் தொட்டாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மூச்சு வேகமாக இழுத்தாலோ வீட்டில் உட்காரக் கூடாது. கீட்டோன் மீட்டர் வாங்க முடியாதவர்கள் சிறுநீரில் பார்க்கும் பட்டையாவது வைத்திருங்கள்.

அலாரம் காதில் விழுவதே சில இடங்களில் கஷ்டம். அம்மாப்பேட்டைப் பக்கம் தறி ஓடுகிற வீட்டில் அந்தச் சின்ன பீப் சத்தம் எங்கே கேட்கும்? ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குப் போனால் மேளத்தில் எதுவும் கேட்காது. அந்த மாதிரி நேரத்தில் அதிர்வையும் சேர்த்து வைத்துக்கொண்டு, பம்பை உடம்போடு ஒட்டி வையுங்கள். ஒரு மணிக்கு ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு மருத்துவரின் கடிதத்தை முன்கூட்டியே பள்ளியில் கொடுத்துவிடுங்கள். போன் என்று நினைத்து யாரும் பம்பை வாங்கி வைத்துவிடக் கூடாது.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு, மருந்து அதிகமாகப் போவது. புது செட் மாட்டும்போது டியூபில் மருந்தை நிரப்புவோம் அல்லவா, அந்த நேரத்தில் டியூப் உடம்போடு சேர்ந்திருக்கவே கூடாது. ஒரு டியூபை நிரப்பப் பத்து யூனிட்டுக்கு மேல் பிடிக்கலாம். சின்னப் பிள்ளைக்கு அது உயிருக்கே ஆபத்து. நிரப்பி, முனையில் சொட்டு வந்த பிறகுதான் உடம்பில் இணைக்க வேண்டும்.

மாம்பழ சீசனில் நான் பார்ப்பது வேறு ஒன்று. மல்கோவா இரண்டு துண்டு சாப்பிட்டாயிற்று, சர்க்கரை ஏறுகிறது. ஒரு தடவை மருந்து கொடுக்கிறார்கள். அரை மணியில் இறங்கவில்லை என்று இன்னொரு தடவை, பிறகு இன்னொன்று. முதலில் போட்டதே இன்னும் வேலை செய்து முடிக்கவில்லை, அதற்குள் மூன்றும் சேர்ந்து ராத்திரியில் சர்க்கரையைத் தள்ளிவிடும். உடம்பில் இன்னும் எவ்வளவு இன்சுலின் மீதி என்று பம்ப் திரையிலேயே காட்டும், அதைப் பார்க்காமல் அடுத்த அளவு போடாதீர்கள். சர்க்கரை 70-க்குக் கீழே வந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ தண்ணீரில் கலந்து குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

மலையைப் பற்றி இன்னும் ஒன்று. சேலத்திலிருந்து ஏற்காடு போனால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்துக்குப் போகிறோம். காற்றழுத்தம் குறையக் குறைய மருந்துக்குள் இருக்கும் காற்று குமிழியாகக் கிளம்பி விரியும், டியூபில் இருக்கும் மருந்தைத் தள்ளும். விமானத்தில் இதை ஆய்வாளர்கள் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். நம் மலையில் அந்த அளவுக்கு இருக்காது. இருந்தாலும் மேலே போய் இறங்கியதும் டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குமிழி தெரிந்தால் டியூபை உடம்பிலிருந்து பிரித்துவிட்டு அதை வெளியேற்றுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மருந்தைச் சில்லென்று குப்பியில் நிரப்பினாலும் குமிழி வரும்.

நம் நாட்டில் தனியாகச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் இன்சுலின் பாட்டில்களில் பல, ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளவை. பம்புக்கு வேண்டியது ஒரு மில்லிக்கு 100 யூனிட். 40-ஐ நிரப்பினால் பம்ப் பத்து யூனிட் என்று காட்டும்போது உடம்புக்குப் போவது நாலுதான். அவசரத்துக்கு வாங்கி வைக்கும் சிரிஞ்சிலும் இதே கவனம் வேண்டும். 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. சிவப்பு மூடி 40-க்கானது, அதில் 100 யூனிட் மருந்தை இழுத்தால் வேண்டிய அளவைப்போல் இரண்டரை மடங்கு போய்விடும். கடைக்காரரிடம் மூடி நிறத்தைச் சொல்லியே கேளுங்கள்.

சித்திரை வெயிலில் வண்டி சீட்டுக்கு அடியிலோ, வெயிலில் நிறுத்திய காரிலோ இன்சுலினை வைக்காதீர்கள். 37 டிகிரியைத் தாண்டினால் மருந்து வீரியம் இழக்கும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. வெயில் நாட்களில் வியர்வையில் ஒட்டும் விட்டுப்போகும். செட்டை எப்போதும்போல் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை இடம் மாற்றிப் போடுங்கள். ஒரே இடத்தில் போட்டால் தோல் தடித்துவிடும், மருந்து சரியாக ஏறாது.

எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ எடுக்கும்போது பம்பைக் கழற்றி வெளியே வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் மாற்று ஊசி என்ன என்று கேட்டு வாங்குங்கள். வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தாலும் இதே கேள்விதான். பம்பைக் கழற்றச் சொன்னால், அதற்குப் பதில் எந்த இன்சுலின், எத்தனை மணிக்கு என்று தெரியாமல் கழற்றிக் கொடுக்காதீர்கள். கேட்பது உங்கள் உரிமை, யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கடைசியாக, எச்சரிக்கை எப்போதும் பம்பிலிருந்தே வராது. மெட்ரானிக் நிறுவனத்தின் மினிமெட் 600 வரிசைப் பம்புகளில் மருந்துக் குப்பியைப் பிடித்திருக்கும் வளையம் உடைந்தால், மருந்து கூடவோ குறையவோ போகக்கூடும் என்பதால் அவற்றைத் திரும்பப் பெறும் நடவடிக்கையை, அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2020 பிப்ரவரியில் மிகக் கடுமையான வகையில் சேர்த்தது. அப்படி ஒரு அறிவிப்பு வந்தால் நிறுவனத்துக்கு உங்கள் போன் எண் தெரிந்திருந்தால்தான் தகவல் வந்து சேரும். எண் மாற்றியவர்களும், வேறொருவர் பயன்படுத்திய பம்பை வாங்கியவர்களும் பின்பக்கத்தில் உள்ள வரிசை எண்ணைச் சொல்லிப் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த எண்ணை மருத்துவச் சீட்டிலும் எழுதி வையுங்கள். பம்ப் கீழே விழுந்தோ தண்ணீரில் நனைந்தோ விட்டால், வேலை செய்கிறதே என்று விடாமல் வளையத்தையும் உறையையும் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தக் குடும்பம் கையில் வைத்திருந்த பைதான் அன்று பிள்ளையைக் காப்பாற்றியது. பேனா, அதற்கான ஊசி, கூடுதல் செட், பேட்டரி, மீட்டர், கீட்டோன் பட்டை, குளுக்கோஸ், மருத்துவர் எழுதிய அளவுச் சீட்டு. இவ்வளவும் ஒரு சின்னப் பையில் அடங்கும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது பையைப் பிள்ளையோடு அனுப்புங்கள், லக்கேஜோடு டிக்கியில் போடாதீர்கள். நேரம் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.